நெல் அவித்த தண்ணீர்

“நெல் அவிக்கல.”

பென்சிலில் எழுதிய இரண்டே சொற்கள். அம்மாவின் கையெழுத்து. எண்பத்தேழாம் வருஷம், செப்டம்பர் மாதத் தாள். கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடை வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த மாதக் காலண்டர் அது. அந்தக் கட்டத்தில் தேதி இருந்த மூலையைப் பூச்சி அரித்துவிட்டது. கீழ் வரிசைகளில் ஒன்று என்பது வரைக்கும் சொல்லலாம். அதற்கு மேல் சொன்னால் பொய்யாகிவிடும். தேதி இல்லாமல் எதையும் எழுதக் கூடாது என்று நினைக்கிறவள் நான். எனக்கு மிகவும் வேண்டிய தேதியைத்தான் பூச்சி தின்றிருக்கிறது.

அம்மா ஊராருக்குக் கூலிக்கு நெல் அவித்துக் கொடுப்பாள். அவித்த நாளின் கட்டத்தில் “நெல் அவிச்சது” என்று எழுதுவாள். அவிக்காத நாளின் கட்டம் வெறுமையாக இருக்கும். செய்யாததை யார் எழுதி வைப்பார்கள்? அந்த ஒரு நாள் மட்டும் எழுதி வைத்திருக்கிறாள்.

இதைப் படிக்கிற நீங்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். கச்சிராயபாளையத்திலிருந்து மலையைப் பார்த்துப் போகிற சாலையில் நடந்து பள்ளிக்கூடம் போனவர்கள். நம் ஊரின் பெயரை எழுதத் தேவையில்லை. அப்போது நாம் தென்னாற்காடு மாவட்டம். பிறகு விழுப்புரம் ஆனோம், இப்போது கள்ளக்குறிச்சியே மாவட்டம். முகவரிதான் மாறியது, கல்வராயன் மலை வடமேற்கில் நீலமாக நிற்பதும், அதன் மேல் மேகம் கூடினால் நாம் பாடத்தை விட்டு ஜன்னலைப் பார்த்ததும் மாறவில்லை.

அந்த வருஷம் மேகம் கூடவில்லை. ஆடியில் விதைத்தது முளைத்து நின்று வெளுத்தது. நான் ஏழாம் வகுப்பு. எங்கள் கிணற்றில் அடிப் பாறை தெரிந்தது. முதலில் ஒரு மூலையில் ஆமை முதுகு மாதிரி தெரிந்தது, பிறகு முழுவதும். குடிக்கத் தெருக் குழாயடியில் பிடித்தோம். மாட்டுக்கும் மற்றதற்கும் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வண்டியில் டிரம்மை ஏற்றிக்கொண்டு ஏரிப் பக்கத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டு வந்து, மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் இருந்த சிமென்ட் தொட்டியில் ஊற்றுவார். இந்தத் தொட்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இதை எழுதுவதே அதற்காகத்தான்.

மாமா எங்கள் வீட்டிலேயே இருந்தார். மீசை அப்போதுதான் கறுத்திருந்தது. எதையும் அவசரமாகச் செய்வார், செய்து முடித்த பிறகு யோசிப்பார். கிணற்றை இன்னும் ஒரு ஆள் ஆழம் இறக்கினால் ஊற்று வரும் என்று நீரோட்டம் பார்க்கிறவர் சொல்லியிருந்தார். பாறைக்கு வெடி வைக்க வேண்டும். வெடி வைக்கிறவரைக் கூப்பிடப் போன அப்பா வெறுங்கையோடு திரும்பினார். இட ஒதுக்கீட்டுக் கிளர்ச்சி உச்சத்தில் இருந்த நேரம். இந்த நேரத்தில் வெடிக்குச்சியோடு வண்டியில் போனால் தன் கதி என்ன என்று வெடிக்காரர் கேட்டாராம். அது சரிதான். அப்போது சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப்போடு போகவே, ஆயுதம் என்று பிடிப்பார்களோ எனப் பயந்தார்கள்.

மாமாதான் நெருப்பு யோசனையைக் கொண்டு வந்தார். ஆட்டுக்கல் கொத்துகிறவர்கள் பாறை மேல் விறகை எரித்துப் பலகை பலகையாகப் பெயர்ப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கிணற்றடியிலும் அப்படியே செய்யலாம் என்றார். விறகை அடுக்கி எரிக்க வேண்டும். பாறை நன்றாகக் காய்ந்ததும் மேலிருந்து தண்ணீரைக் கொட்ட வேண்டும். வெடித்ததை அள்ளி மேலே ஏற்ற வேண்டும்.

முதல் தடவை வேலிமுள் விறகில் சின்னதாகத்தான் எரித்தார்கள். நாங்கள் எல்லோரும் வாய்க்கால் மேட்டில் நின்றோம். மாமா இரண்டு குடம் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குனிந்து பார்த்தார். உள்ளேயிருந்து துப்பாக்கி போலச் சத்தம் வந்தது. தோசைக் கனத்தில் ஒரு சில்லு கிணற்று வாய்க்கு மேலே எழும்பி, மாமாவின் காதை ஒட்டிப் போய், பூவரச மரத்தில் குத்தி நின்றது. அப்பா அதைப் பிடுங்கப் போய்ச் சூடு தாங்காமல் கையை உதறினார். மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அந்தச் சில்லைச் சாயங்காலம் எடுத்து, விரலால் அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். அரிவாள்மணை போல இருந்தது.

எங்கள் வீட்டில் சூடான பொருளில் பச்சைத் தண்ணீர் படக் கூடாது என்பது சட்டம். மண் சட்டியில் கறிக்குழம்பு சுண்டிவிட்டால், பக்கத்து அடுப்பில் கொதிக்கிற தண்ணீரைத்தான் சேர்ப்பாள். அந்த வருஷம் கோடையில் நான் எரிந்து கொண்டிருந்த விளக்கின் கண்ணாடிச் சிம்னியை ஈரத்துணியால் துடைத்தேன். பூ விரிவது போல அது மேலிருந்து கீழாகக் கீறி, கையிலேயே நாலு துண்டாகியது. வயிறு உப்பிய பழைய சிம்னி, ஓரத்தில் கொடி போட்டது. அப்படி ஒன்றைப் பிறகு எந்தக் கடையிலும் நான் பார்க்கவில்லை. அம்மா என்னை அடிக்கவில்லை. “சூடா கீறதுக்கு ஈரம் ஆகாது பாப்பா,” என்று மட்டும் சொன்னாள். என் கையைப் பிரித்துப் பார்த்தாள்.

பிறகு அந்த வாரம் வந்தது. சாலை மறியல். நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் வீட்டுக் கதையை வைத்திருப்பீர்கள். என் கதைக்கு வேண்டியது இவ்வளவுதான்: நம் சாலையில் இருந்த பெரிய புளிய மரங்களில் சிலவற்றை இரவோடு இரவாக வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். யார் வெட்டியது என்று எனக்குத் தெரியாது. மாமா வெட்டவில்லை. இதை அம்மா தன் கடைசிக் காலம் வரை சொன்னாள், நானும் நம்புகிறேன். ஆனால் கிடந்த மரத்தைப் பார்த்ததும் மாமாவுக்குக் கிணறுதான் நினைவுக்கு வந்தது. வைரம் பாய்ந்த புளி விறகு. வேலிமுள் போல இல்லை, கொல்லன் உலையில் போடுகிற விறகு. வண்டியைப் பூட்டிக்கொண்டு போய், கிளைகளைத் தறித்து ஏற்றி வந்து, வைக்கோல் போருக்குப் பின்னால் அடுக்கிவிட்டார். ஊரில் பல பேர் அப்படி எடுத்தார்கள். ஆனால் அடுப்புக்கு ஒரு கட்டு எடுப்பதும் வண்டி நிறைய எடுப்பதும் ஒன்றில்லை.

அடுத்து போலீஸ் வேன் வர ஆரம்பித்தது. மேற்கில் ஓர் ஊரில் வீட்டு வாசலில் புளிய விறகு கிடந்ததற்காக ஆளை ஏற்றிப் போனார்களாம். ஏறிப் போனவரால் நடந்து வர முடியவில்லையாம். இப்படி ‘ஆம்’ போட்டுத்தான் அந்த வாரம் எல்லாச் செய்தியும் வந்தது. பேப்பர் வரவில்லை, பஸ் வரவில்லை. வெள்ளிமலையிலிருந்து இறங்குகிற ஜீப்பும் நின்றுவிட்டது. ஆம்பிளைகள் ஒவ்வொருவராக ஊரை விட்டு விலகினார்கள். அப்பா மலைக்கு ஏறிப் போய், தனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சாமை அறுப்புக்கு உதவியாகத் தங்கினார். மாமாவும் கூடப் போயிருக்க வேண்டும். விறகை என்ன செய்வது என்று அவர் நின்றுவிட்டார்.

வைக்கோல் போருக்குப் பின்னால் இருந்த அந்த விறகு எங்கள் மூன்று பேரின் மூச்சையும் பிடித்துக்கொண்டிருந்தது. நாய் குரைத்தால் அம்மா முதலில் அங்கேதான் பார்ப்பாள். மாமா ஒரு மதியம் முடிவு கட்டினார். எல்லாவற்றையும் கிணற்றில் போட்டு ஒரேயடியாக எரித்துவிடுவது. விறகும் ஒழியும், பாறையும் வெடிக்கும்.

அம்மா வேண்டாம் என்றாள். புகை தெரியும் என்றாள். மாமா, நீ நெல் அவி, அண்டாவுக்குக் கீழே எரிகிற புகையோடு இதுவும் போய்விடும் என்றார். அவருக்கு எப்போதும் ஒரு பதில் இருந்தது.

ஐந்தாறு நாளைக்கு எரிக்க வேண்டிய விறகு ஒரே அடுக்காக எரிந்தது. மத்தியானம் மூட்டியது விடியும் வரை எரிந்தது. கிணற்று வாயில் நின்றால் முகத்தின் முடி சுருண்டது. பாறை ஒரு மாதிரி கிண்கிண்ணென்று உள்ளுக்குள்ளேயே பேசியது. காலையில் கங்கு சாம்பல் பூத்து அடங்கியிருந்தது. மேலே இருந்து பார்க்க எல்லாம் ஆறிவிட்டது போலத் தெரிந்தது.

நான் பிற்பாடு கல்லின் சூட்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். புரிந்த வரையில் சொல்கிறேன். கருங்கல் சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாக விடுகிறது. அதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சூடு ஏற ஏற, சூட்டைக் கடத்தும் அதன் குணமும் குறைகிறது. அதே சமயம் ஒரு டிகிரி சூடேற அது விழுங்குகிற வெப்பம் கூடுகிறது. அதாவது நன்றாகக் காய்ந்த கல், லேசாகக் காய்ந்த கல்லைப் போல நடந்துகொள்வதில்லை. மேல்தோல் ஆறி, உள்ளே அனலைப் பூட்டி வைத்திருக்கும். அதில் குளிர்ந்த நீர் பட்டால் மேல்தோல் சட்டென்று சுருங்கும், உள்கல் சுருங்காது. இரண்டுக்கும் நடுவில் கல் பிளந்து தெறிக்கும். சின்ன நெருப்புக்கு ஒரு சில்லு மரம் வரை வந்தது என்றால், அந்தப் பெரிய நெருப்புக்கு என்ன வரும் என்பதை மாமா யோசிக்கவில்லை. அம்மா யோசித்தாளா என்பதுதான் கேள்வி.

காலை வெயில் ஏறியபோது அம்மா களத்தில், முந்தின நாளே அண்டாவில் நிரப்பி வைத்த தண்ணீரைக் கொதிக்க வைத்திருந்தாள். கள்ளக்குறிச்சியில் ஒரு வீட்டுக்கு அவித்துக் கொடுக்க வேண்டிய நெல், இரண்டு மூட்டை, பக்கத்தில் அவிழ்க்காமல் இருந்தது. மாமா கிணற்றுப் படியில் பாதி இறங்கி, பாறையின் மேல் ஈரக்கையை உதறிக்கொண்டிருந்தார். ‘சுர்’ரென்று கேட்டது. “இன்னும் நல்லா கீது,” என்றார். வேலையை ஆரம்பிக்கலாம் என்ற சந்தோஷம் அவர் குரலில்.

அப்போதுதான் வாய்க்கால் மேட்டில் வேன் நின்றது. சத்தம் கேட்கவில்லை. அண்டாவின் கொதிப்பில் அது மறைந்துவிட்டது போலும். காக்கி உடுப்பு வரப்பில் இறங்குவதை நான்தான் பார்த்தேன். “மாமா,” என்றேன். அவர் மேலே ஏறி ஓடியிருக்கலாம். ஏறினால் வெட்டவெளி. இறங்கிவிட்டார்.

நம் கிணறுகளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். எங்கள் கிணற்றில் படி போய்ச் சேருகிற இடத்தில் ஒரு திட்டு, திட்டின் கடைசியில் ஆள் ஒடுங்கிப் படுக்கிற அளவு ஒரு பொந்து. ஊற்றுக்கண் தேடி யாரோ ஒரு காலத்தில் குடைந்தது. பாறையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில் இருந்ததால் அங்கே அனல் அடிக்கும், ஆனால் உயிரோடு இருக்கலாம். மாமா அதற்குள் நுழைவதைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள்.

வந்தவர்கள் நாலைந்து பேர். அதிகாரி குடையைக் கைத்தடி போல ஊன்றி நடந்தார். களைத்துப்போயிருந்தார், பல ஊர் பார்த்துவிட்டு வருகிறவர் போலத் தெரிந்தது. தென் பக்கத்துப் பேச்சு. வீட்டில் ஆம்பிளை யார் என்றார். அம்மா, மலைக்குக் கூலிக்குப் போயிருக்கிறார் என்றாள். வேறு யார் என்றார். வேறு யாருமில்லை என்றாள். வைக்கோல் போருக்குப் பின்னால் ஒருவர் போய், கை நிறையப் புளியம்பட்டையை அள்ளிக்கொண்டு வந்தார்.

அதிகாரி பட்டையைப் பார்த்தார். கிணற்று வாயில் நெளிந்த புகையைப் பார்த்தார்.

“கிணத்துக்குள்ள எதும்மா எரியுது?”

“பாறைய ஒடைக்கறதுக்குங்க. வெடி கெடைக்கலீங்க.”

“விறகு எங்கேர்ந்து?”

அதிகாரி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவர் எட்டிப் பார்த்தார். அனல் முகத்தில் அடித்துப் பின்வாங்கினார். பொந்து அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். படியையும் திட்டையும் குடையால் காட்டினார். முதலில் நெருப்பை அணையுங்கள், பிறகு ஆள் இறங்கிப் பார்க்கட்டும் என்றார். ஒரு இளம் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி இன்னொருவரிடம் கொடுத்தார்.

“தண்ணி கொண்டாந்து ஊத்தும்மா. நாலு வாளி.”

மரத்தில் குத்தி நின்ற சில்லு என் கண்முன் வந்தது. மாமா தலைக்கு மறைப்பு ஒன்றுமில்லாத பொந்தில், வாயைப் பாறைப் பக்கம் வைத்த பொந்தில் கிடக்கிறார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வாளியை எடுத்தாள். எனக்கு ஒரு குண்டானைக் கொடுத்தாள். மோட்டார் கொட்டகைப் பக்கம் நடந்தாள், நான் பின்னால் போனேன். கொட்டகையைச் சுற்றினால் தொட்டி. அவள் கையிலிருந்த வாளி தொட்டியின் விளிம்பில் இடித்த சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. அவள் நிற்கவில்லை. அதைத் தாண்டிக் களத்துக்குப் போய், அண்டாவில் வாளியை முக்கினாள்.

கொதிக்கிற தண்ணீர். வாளியின் கைப்பிடியைச் சேலைத் தலைப்பால் பிடித்தாள். என் குண்டானில் பாதி ஊற்றினாள்.

“ஓரமா ஊத்து பாப்பா. பூவரசு பக்கமா. மெதுவா.”

பூவரசு இருந்தது பொந்துக்கு நேர் எதிர்ப்பக்கம். அம்மா சுவரோடு வழிய விட்டாள். நானும் விட்டேன். குண்டானின் சூடு தொடையில் பட்டது. உள்ளே ‘ஸ்ஸ்’ என்று பெரிய மூச்சு. வெள்ளை ஆவி கிணற்றை நிறைத்து மேலே வந்தது. துப்பாக்கிச் சத்தம் வரவில்லை. நகத்தால் ஓட்டுத் துண்டைச் சுண்டுவது போலச் சின்னச் சின்னதாக ஏதோ கேட்டது. அவ்வளவுதான். நான் அடுத்த சத்தத்துக்குக் காத்திருந்தேன். அதைப் போல நான் பிறகு எதற்கும் காத்திருந்ததில்லை.

பக்கத்து வயலில் ஒளிந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர் என் பெரியம்மா, அப்பாவின் அண்ணன் மனைவி. அவருக்கு மாமா உள்ளே இறங்கியது தெரியும். அம்மா அண்டாவில் மொண்டதும் தெரியும். அவர் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டிருந்தாராம்.

இரண்டாவது நடையில் இளம் போலீஸ்காரருக்குப் பொறுமை போயிற்று. வாளியைப் பிடுங்கினார். கை சுட்டது.

“சுடுதண்ணிம்மா இது. வேற தண்ணி இல்லையா?”

“வேற தண்ணி இல்லீங்க,” என்றாள் அம்மா. “கெணறு காஞ்சி கெடக்கறது பாத்துகினுதான கீறீங்க.”

அதிகாரி, எந்தத் தண்ணியானால் என்ன, ஊற்று என்றார். இளையவர் நின்ற இடத்திலிருந்தே வீசினார். அது திட்டின் மேல் விழுந்து பொந்தின் வாய்க்குச் சிதறியது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அம்மாவின் கீழ் உதட்டில் பல் பதிந்து வெளுத்ததைப் பார்த்தேன்.

பிறகு அவர் படியில் இறங்கினார். பாதிப் படியில் ஆவி அவரை விழுங்கியது. இருமல் கேட்டது. ஏறி வந்தபோது சட்டை ஒட்டியிருந்தது, கண் சிவந்திருந்தது. “வெறும் சாம்பல் சார்,” என்றார். அவர் பார்த்தாரா, பார்த்தும் சொல்லவில்லையா, மாமாவுக்கே தெரியாது. பூட்ஸ் தன் முகத்துக்கு எதிரே நின்றது என்று மட்டும் மாமா சொல்வார்.

அதிகாரி பட்டையைக் கீழே போட்டுவிட்டு, புருஷன் வந்தால் ஸ்டேஷனுக்கு வரச் சொல் என்றார். வேன் மேற்கே போனது.

மாமாவை நாங்கள் வெளியே இழுத்தபோது அவரால் நிற்க முடியவில்லை. பொந்தின் வாயருகே மடங்கியிருந்த வலது கால், கணுவுக்குக் கீழே, தோல் உரிந்து சுருண்டிருந்தது. பெரியம்மா ஓடி வந்தார். முதல் வார்த்தையே அதுதான்.

“இன்னாடி, கூடப் பொறந்தவன நெல்லு மாதிரி அவிச்சிட்டியே.”

அம்மா காலில் வாழைக் குருத்தை வைத்துக் கட்டினாள். அண்டா பாதி காலியாகிவிட்டது, விறகும் தீர்ந்துவிட்டது. மூட்டைகளை வீட்டுக்குள் இழுத்துப் போட்டாள். அந்த நாளைத்தான் காலண்டரில் குறித்திருக்கிறாள்.

பிற்பகலில் மலைப் பக்கம் இருண்டது. அந்த வருஷத்தின் முதல் உருப்படியான மழை, நாலு மணி வாக்கில், தூறலாக வந்து பெரிதாகியது. வீட்டுக்குள் மாமா முனகிக்கொண்டிருந்தார். திடீரென்று கிணற்றுப் பக்கம் ஒரு வெடி. இன்னொன்று. பிறகு விடாமல், சரம் கொளுத்தியது போல. தெருவில் துப்பாக்கிச் சூடு என்று கத்தினார்கள். மறைவிலிருந்து சாப்பிட வந்த ஒன்றிரண்டு ஆம்பிளைகள் இலையை விட்டெழுந்து மழையில் ஓடினார்கள். நாங்கள் மட்டும் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு அது என்ன சத்தம் என்று தெரியும். கல் இன்னும் உள்ளே காய்ந்துதான் இருந்திருக்கிறது. வெந்நீர் அதன் மேல்தோலைத்தான் தணித்தது. உள்ளே பூட்டியிருந்த அனல் திரும்ப மேலேறியிருக்கிறது. அதன் மேல் மழை விழுந்தது.

மறுநாள் காலை நான் திட்டு வரை இறங்கிப் பார்த்தேன். மாமா அவசரத்தில் விட்டுவந்த துண்டு பொந்தில் கிடந்தது. அதன் மேல் கற்சில்லுகள். துண்டு பல இடத்தில் கிழிந்து, ஒரு சில்லு அதைப் பொந்தின் சுவரோடு குத்தி வைத்திருந்தது. தலை இருந்த பக்கம். நான் அதை எடுக்காமல் மேலே வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். ஆச்சரியப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பன்னிரண்டு வயதில் எனக்குத் தோன்றியதை நான் சாட்சியாக வைக்க மாட்டேன்.

கிணறு ஒரு முழம் இறங்கியிருந்தது. ஊற்று வரவில்லை.

கிளர்ச்சி அடங்கியது, அப்பா வந்தார், இட ஒதுக்கீடும் பிறகு வந்தது. எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது ஒரு விளையாட்டுப் பேச்சு. எந்தக் கல்யாணத்திலும் மாமா வேட்டியை உயர்த்தி, வெளுத்து மினுமினுக்கும் காலைக் காட்டுவார். “எங்க அக்கா அவிச்சது. குத்துனா ஒண்ணாம் நம்பர் அரிசி.” எல்லோரும் சிரிப்பார்கள், அம்மாவும் சிரிப்பாள். அவர் கணக்கு அவருக்குத் தெளிவாக இருந்தது: முந்தின நாள் சாயங்காலம் தொட்டியைத் தானே விளிம்பு வரை நிரப்பி வைத்தார், பாறையில் கொட்டுவதற்கென்றே. நல்ல தண்ணீர் பக்கத்தில் இருக்க, அக்கா பதறிப்போய் அண்டாவில் மொண்டுவிட்டாள். அந்தத் தப்பு தன்னைக் காப்பாற்றியது, சாமி செயல்.

நான் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். தொட்டி நிறைந்திருந்தால் அதைத் தாண்டிப் போனது எப்படித் தப்பாகும்? குழம்புச் சட்டிக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றாதவள், கல்லுக்கு ஊற்றுவாளா? மாமா சிரிப்பார். அந்த நேரத்தில் யாருக்கம்மா சட்டி ஞாபகம் வரும் என்பார்.

அம்மாவிடம் இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை என் கல்யாணத்துக்கு முன். “போடி, வேலையப் பாரு,” என்றாள். இரண்டாவது தடவை அவள் படுக்கையில் இருந்தபோது. அண்டாவை அதற்குள் பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டிருந்தோம். வெகு நாளாக எல்லோரும் மில் அரிசிதான். “அப்ப இன்னா தோணுச்சோ,” என்றாள். பிறகு, “அவன் கால் இப்ப வலிக்குதாமா?” என்றாள்.

அம்மாவின் கருமாதி அன்று பெரியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண் தெரியாமல் போயிருந்தது. என் கையைப் பிடித்துத் தடவினார். அவளை நான் அநியாயமாகப் பேசிவிட்டேன் என்று ஆரம்பித்தார். அன்று விடிகாலை போலீசுக்குப் பயந்து மாடுகளை அவிழ்த்து விட்டாராம். அவை நேரே எங்கள் தொட்டிக்குப் போய் நக்கிக் காயவிட்டுத்தான் நகர்ந்தனவாம்.

“தொட்டி காஞ்சி கெடந்துது கண்ணு. அவ கைக்கு வேற தண்ணி ஏது? பாவம், அவ இன்னா பண்ணுவா.”

அவர் மன்னிப்புக் கேட்டார். நானும் பரவாயில்லை பெரியம்மா என்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது. மாமா சொல்வது உண்மையானால், அம்மா நிறைந்த தொட்டியைத் தாண்டி நடந்தாள். என்ன செய்கிறோம் என்று தெரிந்து, தம்பியின் காலைக் கொடுத்துத் தலையை மீட்டாள். பெரியம்மா சொல்வது உண்மையானால், அவள் மேல் பழி எதுவும் இல்லை. அவள் செய்தது என்றும் எதுவும் இல்லை. போலீஸ்காரரிடம் அவள் வேறு தண்ணீர் இல்லை என்று சொன்னது, ஒரு கணக்கில் பொய், இன்னொரு கணக்கில் வெறும் உண்மை.

வாளி விளிம்பில் இடித்த சத்தத்தை நான் பல தடவை நினைவில் கேட்டுப் பார்த்துவிட்டேன். நிறைந்த தொட்டி ஒரு மாதிரி கேட்கும், காலித் தொட்டி ஒரு மாதிரி கேட்கும் என்பது சரி. ஆனால் நான் எது கேட்க வேண்டும் என்று நினைக்கிறேனோ அதுவே கேட்கிறது. உள்ளே பார்த்தேனா என்றால், பார்க்கவில்லை. என் கண் அம்மாவின் முதுகில் இருந்தது.

கிணறு தூர்ந்துவிட்டது. கொட்டகை இல்லை. தொட்டியை உடைத்து வரப்புக்குப் போட்டுவிட்டார்கள். உங்களில் யாராவது அன்று காலை அந்தப் பக்கம் மாட்டை ஓட்டி வந்திருந்தால், அல்லது ஓடி ஒளிகிற வழியில் அங்கே ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்திருந்தால், எனக்குச் சொல்லுங்கள். எண்பத்தேழு செப்டம்பரில், தேதி அழிந்த அந்த நாளில், மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் இருந்த தொட்டியில் தண்ணீர் இருந்ததா இல்லையா என்பது இதை எழுதும் வரை உறுதிப்படவில்லை.